மாலைத்தொண்டும் மனமகிழ்ச்சியும்

தொழிற்கடமை ஓய்ந்த முதியோர்க்குப் பொழுதே பெருஞ்சுமையாதல் கண்கூடு. ஓவியம், இசை, பூத்தொடுத்தல் முதலிய கலைகளுள் ஒன்றில் மனஞ்செலுத்துவோர் அச்சுமை நீங்கி இன்புறுகின்றனர். அவ்வின்பம் உயிர்க்குப் பந்தமாமோ, வீட்டுநெறிக்குத் துணையாமோ என்பது ஈண்டு ஆராயற்பாலது.

சோழநாட்டுத் திருப்புகலூரில் வாழ்ந்த முருக நாயனார் வைகறையில் எழுந்து நீராடி, கோட்டுப்பூ, கொடிப்பூ, நீர்ப்பூ, நிலப்பூ என்னும் நால்வகை மலர்களையுங் கொய்து, கோவை, இண்டை, சரம், தொங்கல் முதலாகப் பலவகை மாலைகள் தொடுத்து, வர்த்தமானீச்சரத்துப் பெருமானுக்குச் சாத்தி வந்தனர். இதனைச் சேக்கிழார் பெருமான் 12-ஆம் நூற்றாண்டில் அருளிய பெரியபுராணத்தால் அறிகின்றோம்.

சாத்துதல் ஒன்றே கருத்தாயின் ஒருவகை மாலையே அமையும். பலவகையாகத் தொடுத்தமையின், அத்தொழிலில் அவர்க்கு உவகையுண்டு என்பது போதரும். அவ்வுவகை குற்றமாயின், பூத்தொடுத்தலைச் சரியைத் தொண்டினுள் வைத்துப் பெரியோர் எண்ணார்.

அற்றேல், கலையின்பத்திற் குற்றம் யாங்ஙனம் புகும் எனின், ‘யான் செய்தேன், இஃது எனது’ என்னுஞ் செருக்கால் புகும் என்க. கொடுத்த பின்னரும் புகழை எதிர்நோக்குவான் பொருளைக் கொடுத்தானேயன்றி, ‘எனது’ என்பதனைக் கொடுத்தானல்லன். மாலையோ மறுநாள் நிர்மாலியமாய்க் கழியும். தொடுத்தவர் பெயர் அதன்கண் நில்லாது. அதுபற்றி வருந்தாது அவர் மீண்டும் வைகறையில் எழுவர். இங்ஙனம் நாடோறும் விடுதலே பயிற்சியாக, செருக்குச் சிறிது சிறிதாகத் தேயும்.

கற்ற பண்ணை இளையோர்க்குக் கற்பித்தலும், நெய்த துகிலை இல்லார்க்கு ஈதலும் இத்திறத்தனவே. ஆகலின், கலையில் மகிழ்தல் தீதன்று. அதனைத் தனதென்று பற்றுதலே தீது. பற்றாது செய்யுங் கைக்கு முதுமையினும் பணி குறைவதில்லை. பணி குறையாத உள்ளத்துக்கு இன்பமுங் குறைவதில்லை என்பது தெளிக.