பற்றும் அருளும்

கீழைக் கடற்கரையில், புதுவைக்கும் மரக்காணத்திற்கும் இடையே, கீழ்புத்துப்பட்டு என்னும் ஊர் உளது. அங்கே மஞ்சனீஸ்வரர் என்னும் திருப்பெயருடன் ஐயனார் பூரணை புட்கலையரோடு எழுந்தருளியுள்ளார். உப்பளங்கள் பரந்த மரக்காணக் கரையை அடுத்த இந்நிலத்தில் ஏறுதற்கு மலை யாதும் இல்லை. ஆயினும், மலைவழியில் நாயுடன் ஏறிய ஒருவன் வரலாற்றை நினைப்பிக்கும் வழக்கொன்று இப்பகுதிக்கு உரியது. பழைய தென்னார்க்காட்டு ஊர்களில், திரௌபதி அம்மன் கோயில் விழாக்களிற் பாரதம் படித்தலும் அதனைக் கூத்தாக ஆடுதலும் நெடுநாளாக நிகழ்ந்து வருகின்றன. அவ்விழாக்கள் பெரும்பாலும் தருமன் முடிசூட்டோடு நிறைவுறும். வில்லிபுத்தூரார் பாரதமும் போரின் முடிவோடு நின்றது. சூடிய முடியைத் துறந்து தருமன் மலையேறிய செய்தி, வடமொழிப் பாரதத்தின் 17-ஆம் பருவமாகிய மகாப்பிரத்தானிகத்துள் விரிக்கப்படுகின்றது. பலரும் கேளாது எழுந்துபோகும் அப்பகுதியிலேயே அறநூலின் அரியதொரு வினா அடங்கியுள்ளது.

அரசினைப் பரீட்சித்திடம் ஒப்பித்து, மரவுரி உடுத்து, தம்பியர் நால்வரும் திரௌபதியும் உடன்வர அத்தினாபுரியினின்றும் புறப்பட்ட தருமனை நாய் ஒன்று தானே பின்தொடர்ந்தது. இமயத்தைக் கடந்து மேருவை நோக்கிச் செல்லுங்கால், திரௌபதி, சகதேவன், நகுலன், அருச்சுனன், வீமன் என்னும் முறையே ஐவரும் வீழ்ந்தனர். தருமன் திரும்பி நோக்காது நடந்தான். எஞ்சிய துணை அந்நாய் ஒன்றே. அந்நிலையில் இந்திரன் தேரொடு வந்து, உடம்போடு துறக்கம் புகுமாறு அவனை அழைத்து, நாயை விட்டு வருமாறு கூறினான். தருமன் இசைந்திலன். தம்பியரையும் மனைவியையும் விட்டு வந்தவன் நாயை விடலாகாதோ என்று இந்திரன் வினவினான். இறந்தாரை எழுப்புதல் தன்னால் இயலாமையின் அவரை விட்டு வந்ததாகவும், உயிரோடிருந்த காலத்து ஒருவரையும் விட்டிலன் எனவும், அடைந்தாரைக் கைவிடுதல் நட்டார்க்குத் துரோகம் செய்தல் முதலிய பெரும்பாவங்களோடு ஒப்பதெனவும் தருமன் விடையிறுத்தான். அதன் பின்னரே அந்நாய் அறக்கடவுளாய்த் தோன்றிற்று.

முடிவை முன்னரே அறிந்து கேட்பார்க்குத் தருமன் செயல் எளிதாகத் தோன்றும். அவனோ அம்முடிவை அறிந்திலன். அவன்முன் நின்றது ஒரு விலங்கு. அவன் இழக்க ஒருப்பட்டது துறக்கம். எல்லாம் துறந்து செல்வான் ஒருவன் ஒரு நாயின்பொருட்டு வாயிலில் நின்றுவிடுதல் பற்றாகாதோ என்பது ஈண்டு எழும் ஐயம்.

இவ்வையத்திற்கு இடந்தருவது பரதமுனிவர் வரலாறு. நாடு துறந்து கண்டகி ஆற்றங்கரையிற் தவமிருந்த அவர், சிங்க முழக்கத்திற்கு அஞ்சித் தாவிய பெண்மான் ஒன்று ஆற்றில் ஈன்று இறந்துபட, அக்கன்றை எடுத்து வளர்த்தார். வளர்த்த கன்றின் நினைவாகவே உயிர்நீத்தார். அதனால் மானாகப் பிறந்தார் என்று பாகவதம் கூறும். ஒருவரை மான் பிறவிக்கு ஈர்த்தது. மற்றொருவனை நாய் வீழ்த்தவில்லை. இரண்டும் விலங்கினிடத்துக் காட்டிய இரக்கமேயாகவும், பயன் வேறுபட்டது யாது காரணத்தான்?

வேறுபாடு விலங்கின்கண் இல்லை, உள்ளத்தின்கண் உளது. வெள்ளத்தினின்றும் கன்றை எடுத்த பரதர் கை அருளின் கை. நாள் செல்லச் செல்ல, கன்று வாழவேண்டும் என்னும் எண்ணம் தேய்ந்து, கன்று தம்மை நீங்கலாகாது என்னும் எண்ணம் வளர்ந்தது. தவம் குறைந்தது, அது சிறிது மறைந்தாலும் உள்ளம் கலங்கிற்று. அருளாகத் தொடங்கியது ‘எனது’ என்பதாக முடிந்தது. சைவ சித்தாந்தம் உயிரைப் பிணிக்கும் மூலமலமாக ஆணவத்தைக் கூறுதல் இதுபற்றியே ஆராயத்தகும். அம்மலம் தீய செயல்களில் மட்டுமன்றி நற்செயல்களிலும் புகுந்து அவற்றைத் தன்வயமாக்கும். தருமனோ அந்நாயைத் தனதென்று கூறிற்றிலன். அதனால் தனக்கு வரும் இன்பம் யாதும் கருதிற்றிலன். தன்னை நம்பி வந்ததை இடைவழியில் விடேன் என்பதே அவன் கூற்று. பற்று தன் இன்பத்தை நோக்கும். அருள் பிறிதின் துன்பத்தை நோக்கும்.

திருவள்ளுவர் அன்புடைமையை இல்லறவியலிலும், அருளுடைமையைத் துறவறவியலின் முதலதிகாரமாகவும் வைத்தமை இங்கு நினைக்கற்பாலது. தொடர்புடையார்மாட்டுச் செல்வது அன்பு. தொடர்பு கருதாது எல்லா உயிர்மேலும் செல்வது அருள். துறவுக்கு அருள் தடையாயின், அதனை அத்துறவின் தொடக்கத்தே ஆசிரியர் வைத்திரார்.

அற்றேல், நாய் தூய இடத்திற்கு ஆகாது என்னும் விதி என்னாம் எனின், தருமன் அவ்விதியை இகழ்ந்திலன். நாயைத் துறக்கத்துட் புகுத்துவேன் என வற்புறுத்தினானும் அல்லன். புகாத அதனோடு தானும் புகாது நிற்பேன் என்றான். ஆசாரத்தைத் தகர்த்தலினும் அதன்பொருட்டுத் தன் பங்கினை இழத்தல் அரிது. நாயைக் கருவறைக்குப் புறத்தே நிறுத்தும் சைவமே வைரவக்கடவுளின் ஊர்தியாக நாயைக் கோயிலுள் வைத்துப் போற்றுதலும் ஓர்க.

அண்மைக் காலத்தும் இதற்கு ஒரு சான்று உண்டு. திருவண்ணாமலையில் இரமண முனிவர் 1916 முதல் 1922 வரை கந்தாசிரமத்தில் வாழ்ந்தார். அங்குக் கமலா என்னும் பெண்நாய் குட்டியாக வந்து சேர்ந்தது. அடியார் அதனைத் துரத்த முயன்றும் அது நீங்கவில்லை. பின்னர், புதிதாக வருவார்க்கு வழிகாட்டுமாறு முனிவர் அதனிடமே பணிப்பார் எனவும், அது அவர்களை மலையிலுள்ள தீர்த்தங்களுக்கும் சன்னிதிகளுக்கும் அழைத்துச் செல்லும் எனவும் ஆர்தர் ஆஸ்பர்ன் 1954-இல் வெளியிட்ட வரலாற்று நூலிற் குறித்துள்ளார். துரத்தப்பட்டதே துணையாயிற்று.

மலையடிவாரத்தில் ஒரு நாய் பின்தொடருமாயின், இவ்வறம் அங்கேயே தொடங்குகின்றது. மக்களைப்போல் உடல் முழுதும் வியர்த்து வெப்பம் தணிதல் நாய்க்கு இல்லை. அது நாவை நீட்டி இளைத்தே தணியும். வெயிலிற் காய்ந்த பாறை அதன் அடியைச் சுடும். ஆதலின் அதற்கும் நீர் கொண்டு செல்லுதலும், அது தளர்ந்தவிடத்து நிற்றலும், ஏற இயலாத செங்குத்தில் தானும் மீளுதலும் உடனழைத்துச் செல்வான் கடமையாம். உச்சியை அடைதல் ஒன்றையே கருதுவானுக்கு இவை இடையூறு. அறத்தைக் கருதுவானுக்கு இவையே ஏற்றம்.

மணிவாசகப் பெருமான் தம்மை நாயாகப் பலகாலும் கூறிக்கொண்டார். மலத்தான் மறைப்புண்ட உயிர் தன் ஆற்றலால் இறைவனை அடையவல்லதன்று; அருள் உடன்கொண்டு ஏற்றவே ஏறுவது. அதன் தூய்மையை நோக்கி அவன் ஏற்றானாயின் ஏறுவார் எவரும் இலர். அடைந்ததைக் கைவிடாமை தருமனுக்கு விரதம். இறைவனுக்கு அஃது இயல்பு. தன்னை நாயெனக் கூறி அருள் வேண்டும் ஒருவன், தன்னை நம்பி நிற்கும் நாயைத் தள்ளிவிட்டு மேலேறுவானாயின், தான் வேண்டிய அருளைத் தானே மறுத்தவனாவான்.