நோகாத கால்

சீனி வருத்தம் நோகாது. அதன் பொல்லாப்பே அதுதான். காய்ச்சலென்றால் உடம்பு சொல்லும். பல்லுக்கொதி இரவு முழுக்கச் சொல்லும். இரத்தத்தில் கூடிக் கிடக்கிற சீனி வருசக்கணக்காக வாய் திறக்காது. உடம்பில் ஆக நீளமான நரம்புகள் கால்விரல் நுனிவரை போகிறவை. உணர்வு முதலில் கெடுவதும் பெரும்பாலும் அங்கேதான். பிறகு நெருஞ்சி முள் ஏறினாலும் தெரியாது, சுடுமணல் கொப்புளம் போட்டாலும் தெரியாது. இரத்த ஓட்டமும் குறைந்துபோனால் சின்னப் புண்ணும் ஆறப் பிந்தும். தன் நோவைத் தானே அறியாத காலுக்கு, அந்த நோவை அறிய வீட்டில் இன்னொருவர் வேண்டியிருக்கிறது. அப்படி அறிவதைவிடப் பெரிய அன்பு எதுவென்று எனக்குத் தெரியவில்லை.

வன்னியில் காலைப் பற்றிப் பேசுவது லேசான காரியமில்லை. இரணைமடுத் தண்ணீர் பாயும் வயலில் சேறு மிதித்த கால்கள் இவை. 2009இல் ஊர் ஊராக இடம்பெயர்ந்து முள்ளிவாய்க்கால் வரை நடந்த கால்கள். மெனிக் பாம் முகாமின் செம்மண்ணில் தண்ணீருக்கு வரிசையில் நின்ற கால்கள். திரும்பி வந்தபோதும் எங்கே மிதிப்பது என்று அஞ்சி அஞ்சி வைத்த கால்கள். செல்லுக்கும் கண்ணிவெடிக்கும் ஒரு காலைக் கொடுத்தவர்கள் எங்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் இப்போது வயது ஏறுகிறது. மிஞ்சிய ஒற்றைக் காலில் முழுப் பாரத்தையும் ஏற்றி நிற்கிற ஒருவருக்குச் சீனி வருத்தமும் வந்தால், அந்த ஒற்றைப் பாதம் அவருக்கு மட்டுமுரிய பாதமாக இருக்க முடியாது. அது அந்த வீட்டின் பாதம். பொய்க்கால் பொருந்துகிற இடத்துத் தோலையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். அங்கே ஒரு உரசல் சிவந்திருந்தால், அன்றே தெரிந்தாக வேண்டும்.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் இரவுச் சாப்பாடு முடிந்ததும் பேத்தி ரோச் லைற்றோடு வருவாள். "அம்மம்மா, காலைத் தாங்கோ பாப்பம்." கிழவி பாதத்தைச் சீலைக்குள் இழுத்துக்கொள்வார். "விடு மோனை, அழுக்குக் கால்." பேத்தி விடமாட்டாள். இளஞ்சூட்டு நீரில் கழுவுமுன் தன் முழங்கையை விட்டுச் சூடு பார்ப்பாள், ஏனென்றால் அம்மம்மாவின் காலுக்குச் சூடு தெரியாது. துடைக்கும்போது விரலிடுக்கு ஒவ்வொன்றிலும் ஈரம் ஒற்றி எடுப்பாள். அடிப்பாதத்துக்கு ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. குதிக்கால் வெடிப்பில் தேங்காய் எண்ணெய், விரலிடுக்கில் மட்டும் எண்ணெய் இல்லை. நகத்தை நேராக வெட்டுவாள், மூலைகளைத் தோண்டமாட்டாள். காய்ப்பைப் பிளேட்டால் சீவ விடவும் மாட்டாள். காலையில் செருப்பைத் தட்டிப் பார்த்துத்தான் போடக் கொடுப்பாள்.

தைப்பொங்கலுக்கும் வருசப் பிறப்புக்கும் பெரியவர் காலில் விழுந்து எழும்புகிறோம். கண் மூடிக் கும்பிடுகிற அந்தக் காலைக் கண் திறந்து பார்ப்பதும் கும்பிடுதான்.

வைகாசி வந்தால் வற்றாப்பளைக் கண்ணகி அம்மனிடம் போகாமல் எங்கள் சனத்துக்கு இருக்க ஏலாது. முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தம் எடுத்து, அந்த உப்புநீரில் விளக்கெரிக்கிற மண் அது. செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமம் போகும் பாதயாத்திரை அடியார்களும் அவ்வழியால்தான் வருவார்கள். வெறுங்காலில் நடப்பது நேர்த்தி. மத்தியானத்து மணலில் காவடியோடு நிற்பதும் நேர்த்தி. உணர்விழந்த காலுள்ளவர் அந்த நேர்த்தியை வைக்கும்போது என்ன செய்வது?

நான் அப்பரை நினைப்பேன். கயிலை காணப் புறப்பட்டவரின் பாதம் தேய்ந்தது. கை ஊன்றித் தவழ்ந்தார். கையும் தேய, மார்பால் ஊர்ந்தார். பெரியபுராணம் சொல்லும் இந்தக் கதையில் நாம் அந்த உறுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். இறைவன் முனிவராக வந்து வழிமறித்ததை அவ்வளவாக நினைப்பதில்லை. தேய்ந்த உடலை நலமாக்கி, ஒரு குளத்தில் மூழ்கச் சொல்லி, திருவையாற்றில் எழச் செய்து, அங்கேயே கயிலைக் காட்சியைக் கொடுத்தான். நடந்தது போதும் என்று சொன்னவன் அவனே. அம்மன் வீதிக்குச் செருப்போடு வந்து, உள்ளே போகும்போது மட்டும் கழற்றி, தடித்த காலுறையோடோ நிழல் விழுந்த பக்கமாகவோ நின்று கும்பிடுகிற தாயை அந்த அம்மன் குறைவாகவா பார்ப்பாள்?

விரதமும் அப்படியே. இன்சுலின் ஏற்றிவிட்டோ சில வகைக் குளிசைகளைப் போட்டுவிட்டோ சாப்பிடாமல் இருந்தால் இரத்தச் சீனி 70 mg/dLக்குக் கீழே இறங்கிவிடக் கூடும். கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும், பேச்சுக் குழறும். கோயிலில் அதைக் காண்பவர் உரு வந்ததென்று நினைத்துவிடவும் கூடும். நினைவிருந்தால் உடனே மூன்று தேக்கரண்டி சீனியைக் கரைத்துக் குடிக்கக் கொடுக்க வேண்டும், கால் மணி நேரத்தில் மறுபடி சோதித்துப் பார்க்க வேண்டும். நினைவு தப்பியவரின் வாயில் ஒன்றும் ஊற்றக் கூடாது. 1990க்கு எடுத்து அம்புலன்ஸை அழைக்க வேண்டும். இது வீட்டில் பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

சமையலைப் பற்றி ஒன்றுதான் சொல்வேன். வருத்தக்காரருக்கென்று தனிச் சட்டி வேண்டாம். தனிச் சட்டி மனிதரைத் தனிமைப்படுத்தும். பிட்டைக் கொஞ்சம் குறைத்து, முருங்கையிலை வறையையும் மீனையும் கூட்டி, எல்லோரும் அதையே சாப்பிடலாம். குரக்கன் என்றாலும் அளவு அளவுதான். பனங்கட்டியும் சீனிதான், தேத்தண்ணியோடு கடித்துக்கொண்டால் அது வேறாகிவிடாது. அம்மாவின் தேத்தண்ணியில் சீனி இல்லையென்றால் அப்பாவின் கோப்பையிலும் இல்லாமல் போகட்டும். ஒரு மாதத்தில் நாக்குப் பழகிவிடும்.

மறுபடி விரதத்துக்கு வருகிறேன். கேதாரகௌரி விரதம் 21 நாள். தொடங்குவதற்கு முன்வரும் கிளினிக் நாளிலேயே கொப்பியைக் கொண்டுபோய், "நான் நோன்பிருக்கலாமோ ஐயா" என்று வைத்தியரிடம் கேட்டுவிட வேண்டும். சிலருக்கு மருந்தின் நேரத்தையும் அளவையும் மாற்றிக் கொடுப்பார். சிலருக்கு வேண்டாம் என்பார். வேண்டாமென்று வந்த வீட்டில் அந்த வருசம் மகள் நோன்பை எடுக்கட்டும். அம்மா நேரத்துக்குச் சாப்பிட்டு, குளிசையைப் போட்டு, பூசைக்கு அவளுக்குப் பக்கத்தில் வந்து இருக்கட்டும்.