ஓட்டக்காரர் என்று சொல்லிக்கொள்ள

விடியுமுன் கெடாவின் சுங்கை பட்டாணியிலிருந்து பீடோங் போகும் சாலையில் ஓடினால் இடப்பக்கம் குனோங் ஜெராய் மலை கறுத்து நிற்கும். 1,217 மீட்டர் உயரம். பாதி வழியில் கால் கனக்கும்போது அடிக்கடி வரும் கேள்வி இது: வேகமும் இல்லை, பதக்கமும் இல்லை, எட்டு மணிக்கு வேலைக்குப் போக வேண்டும். இப்படிப்பட்ட ஒருவர் தன்னை விளையாட்டாளர் என்று சொல்லிக்கொள்ளலாமா?

*

லங்காவியில் 2000-இல் அயர்ன்மேன் போட்டி தொடங்கியது. சில ஆண்டுகள் நின்று 2014-இல் திரும்பி வந்தது. கடலில் 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், அதன்பின் 42.2 கிலோமீட்டர் ஓட்டம். எல்லாம் 17 மணி நேரத்துக்குள். கடைசி ஆள் வந்து சேரும்போது முதலில் வந்தவர் சாப்பிட்டுத் தூங்கியிருப்பார். தூரம் இருவருக்கும் ஒன்றுதான். மெதுவானவருக்கு வெயில் கூடுதல், இருட்டும் கூடுதல். அவரைக் குறைத்துப் பேச எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

*

1998 கோலாலம்பூர் காமன்வெல்த் போட்டியில் 50 கிலோமீட்டர் நடையில் ஜி. சரவணன் தங்கம் வென்றார். காமன்வெல்த் தடகளத்தில் மலேசியாவுக்கு அதுவே முதல் தங்கம். ஓடத் தெரிந்த உடம்பை ஓடவிடாமல் மணிக்கணக்கில் பிடித்து வைக்கும் விளையாட்டு அது. எப்போதும் ஒரு பாதமாவது தரையில் இருக்க வேண்டும், முன்கால் ஊன்றும்போது மடங்கக் கூடாது, வழிநெடுக நடுவர்கள். நாடு பார்த்தது அந்த ஒரு நாளை. அவரை நடைவீரர் ஆக்கியது அதற்கு முன் கைதட்ட யாரும் இல்லாமல் நடந்த காலைகள்.

*

ரப்பர் தோட்டத்துப் பாட்டிகள்தான் நம் முதல் விளையாட்டாளர்கள் என்று சிலர் அன்போடு சொல்கிறார்கள். இருட்டில் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்து, நெற்றி விளக்கோடு நூற்றுக்கணக்கான பால்மரங்களைச் சீவி, மங்குகளில் சேர்ந்த பாலை வாளியில் சுமந்தவர்கள் அவர்கள். வெயில் ஏறுமுன் மரத்துக்குள் அழுத்தம் அதிகம், பால் நன்றாக ஓடும். அதற்காகத்தான் அந்த இருட்டு வேலை. அவர்களுடைய நெஞ்சுரத்துக்கு முன் என் ஓட்டம் சிறியது. ஆனாலும் அந்தப் பட்டத்தை அவர்களுக்குச் சூட்ட மனம் வரவில்லை. மழை பெய்தால் வேலை இல்லை, வேலை இல்லையென்றால் கூலி இல்லை. இன்று கால் வலிக்கிறது, நாளை பார்க்கலாம் என்று சொல்ல அவர்களுக்கு வழியில்லை. அவர்களுக்குச் சேர வேண்டியது நல்ல கூலியும் ஓய்வும். பட்டத்தைக் கொடுத்து அந்தக் கணக்கைத் தீர்த்துவிட முடியாது.

என் களைப்பு நானே தேர்ந்துகொண்டது. விளையாட்டு அங்கேதான் தொடங்குகிறது என்று இப்போது நினைக்கிறேன். கட்டாயம் இல்லாத ஒரு கஷ்டத்தை ஏற்று, அதற்காக உறங்கி, உண்டு, உடம்பைப் பழக்கி, மறுநாளும் அதற்கே திரும்புகிறவர் யாராக இருந்தாலும் விளையாட்டாளர்தான். கடிகாரம் சொல்வது அவர் எத்தனையாவது என்பதை மட்டும்.

*

கெடாவின் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கிறேன். விளையாட்டு நாளில் குறுந்தூர ஓட்டங்களோடு நிறுத்திவிடாதீர்கள். வயதுக்கு ஏற்ற ஒரு நெடுந்தூர ஓட்டமும் வையுங்கள். கடைசிப் பிள்ளை வந்து சேரும்வரை திடலில் எல்லாரையும் நிற்க வையுங்கள்; அந்தப் பிள்ளையின் பெயரையும் ஒலிபெருக்கியில் சொல்லுங்கள்.