பணிக்களத்துப் பிணக்கும் ஒத்துழைப்பின் அறமும்

பலர் கூடித் தொழில் புரியும் இடத்தில் பிணக்குத் தோன்றுவது இயல்பு. முகாமையாளர் உற்பத்தியை நோக்குவர். தொழிலாளர் ஊதியத்தையும் ஓய்வையும் நோக்குவர். அருகருகே அமர்ந்து பணியாற்றும் இரு எழுதுவினைஞரிடையேயும் வேலைப் பங்கீடு பற்றி மனத்தாங்கல் எழலாம். இத்தகைய வேளைகளில் ‘ஒத்துழையுங்கள்’ என்னும் அறிவுரை தவறாது வழங்கப்படுகின்றது. அதனை வழங்குபவர் யார், ஏற்குமாறு வேண்டப்படுபவர் யார் என்பது பெரும்பாலும் வினவப்படுவதில்லை. ஒத்துழைப்பு என்பது பணிவுக்கு இடப்பட்ட மறுபெயரா, அன்றி இரு சாராரையும் ஒருங்கே பிணிக்கும் அறமா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

இப்பொருள் பற்றி ஆழ்ந்து சிந்தித்தவர்களுள் அமெரிக்க அறிஞர் மேரி பார்க்கர் பொலெற் (1868–1933) குறிப்பிடத்தக்கவர். 1925 ஆம் ஆண்டில் நிகழ்த்திய உரையொன்றில் அவர் பிணக்கைத் தீமை எனக் கொள்ளாது, கருத்து வேறுபாட்டின் வெளிப்பாடு எனவே கொண்டார். அதனைத் தீர்க்கும் வழிகள் மூன்று என்பது அவர் கருத்து. ஒரு சாரார் மற்றவரை அடக்குதல் ஒன்று. இரு சாராரும் தத்தம் கோரிக்கையிற் சிறிது விட்டுக்கொடுத்தல் மற்றொன்று. இருவர் விருப்பமும் நிறைவேறத்தக்க புதுவழி காணுதல் மூன்றாவது. இம்மூன்றாவதையே அவர் ஒருங்கிணைப்பு என்றார்.

அதற்கு அவர் காட்டிய உதாரணங்களுள் ஒன்று பாற்பண்ணையாளரின் கூட்டுறவு அமைப்புப் பற்றியது. சரிவான நிலத்தில் அமைந்த பால் நிலையத்தின் மேடையிற் பாற்கலன்களை முதலில் இறக்கும் உரிமை எவருக்கு என்பதில், மேட்டிலிருந்து இறங்கி வருவோருக்கும் பள்ளத்திலிருந்து ஏறி வருவோருக்குமிடையே பூசல் மூண்டது. அமைப்பே குலையும் நிலை உருவாயிற்று. மேடையின் அமைப்பை மாற்றினால் இரு சாராரும் ஒரே வேளையில் இறக்கலாம் என்னும் யோசனை பூசலை முடித்துவைத்தது. ‘யார் முதல்வர்?’ என்ற வினாவினுள் அடைபட்டுக் கிடந்தோர், ‘எமக்கு உண்மையில் வேண்டியது யாது?’ என வினவியதும் வழி பிறந்தது. இதுவே ஒத்துழைப்பு மனப்பான்மையின் சாரம் எனலாம்.

எனினும் இங்கு ஒரு தடை எழுகின்றது. மேட்டிலிருந்து வந்தோரும் பள்ளத்திலிருந்து வந்தோரும் ஒரே அமைப்பின் உறுப்பினர், நிலையால் ஒத்தவர். வேலை கொள்வோரும் வேலை செய்வோரும் அத்தகையோர் அல்லர். பிணக்கு நீடிப்பின் முன்னவர் இழப்பது இலாபத்தின் ஒரு பகுதி. பின்னவர் இழப்பது அன்றாட உணவு. இலங்கையில் 1980 யூலையில் ஊதிய உயர்வு கோரி நிகழ்ந்த வேலைநிறுத்தத்தை அரசு அவசரகால விதிகளைக் கொண்டு எதிர்கொண்டது. பல்லாயிரவர் வேலையிழந்தனர். வேலைநிறுத்தம் முடிந்தது, பிணக்கோ முடியவில்லை. மீண்டும் வேலை வேண்டும் என்ற கோரிக்கை பல்லாண்டுகள் தொடர்ந்தது. அடக்குதல் பிணக்கைத் தீர்ப்பதில்லை, அதனை ஒத்திவைக்கின்றது என்பதற்கு இது சான்று.

ஆதலின் ஒத்துழைப்பு வலியவரிடமிருந்தே தொடங்குதல் வேண்டும். பிறர்மீது செலுத்தும் அதிகாரத்தையும் பிறரோடு சேர்ந்து உருவாக்கும் ஆற்றலையும் பொலெற் வேறுபடுத்திக் காட்டியது இதனாலேயே. நிறுவனத்தின் உண்மை நிலையை மறையாது கூறுதல், முறையிடுபவரைத் தண்டியாது செவிமடுத்தல் ஆகியன முகாமையின் கடமை. கோரிக்கையின் பின்னுள்ள தேவையைத் தெளிவாக எடுத்துரைத்தலும், எதிரிலிருப்பவரைப் பகைவராகக் கருதாமையும் தொழிலாளரின் கடமை. தொழிற்சங்கமும் வேலைநிறுத்த உரிமையும் ஒத்துழைப்புக்குப் பகையல்ல. நலிந்தவரின் குரலுக்கு நிறை தருவன அவையே.

இலங்கையின் 1950 ஆம் ஆண்டுக் கைத்தொழிற் பிணக்குகள் சட்டம் கூட்டு உடன்படிக்கைக்கும் இணக்கத்துக்கும் நடுத்தீர்ப்புக்கும் வழி வகுத்தது. சட்டம் இரு சாராரையும் ஒரு மேசைக்கு அழைத்து வரலாம். ஒருவர் கூறுவதை மற்றவர் மனங்கொள்ளுமாறு செய்தல் அதன் ஆற்றலுக்கு அப்பாற்பட்டது. அவ்விடத்திலேயே அறத்தின் பணி தொடங்குகின்றது. ‘இதற்கு உடன்படேன்’ என்று கூறிய ஊழியர் மறுநாளும் அச்சமின்றித் தம் இருக்கையில் அமரக்கூடிய பணிக்களத்தில் மட்டுமே ஒத்துழைப்பு என்னும் சொல் பொருளுடையதாகும்.