வழிகாட்டியின் சொல்லும் வழிச்செல்வோன் கண்ணும்

1764ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் எட்வேட் கிபன் என்னும் ஆங்கிலேயர் உரோம் நகரை அடைந்தார். அப்பொழுது அவருக்கு வயது 27. இலத்தீன் நூல்களில் ஊறித் திளைத்தவர். இத்தாலியின் பண்டைய நிலவியல் பற்றிய குறிப்புகளைப் பயணத்துக்கு முன்னரே லோசான் நகரில் தங்கி விரிவாகத் தொகுத்து வைத்திருந்தவர். உரோமாபுரியின் ஏழு குன்றுகளும் அவருக்கு ஏட்டளவில் புதியனவல்ல. அவ்வாறிருந்தும் நகரைக் காணத் தனியே செல்லாது, ஜேம்ஸ் பயர்ஸ் என்னும் ஸ்கொத்லாந்தியரைத் தமக்கு வழிகாட்டியாக அமர்த்திக்கொண்டார். பதினெட்டு வாரங்கள் நாள்தோறும் அவ்வழிகாட்டியின் பின்னே நடந்ததாகவும், இடையிடையே கவனம் சோர்ந்ததாகவும் கிபன் தம் வாழ்க்கைக் குறிப்பில் எழுதியுள்ளார்.

கற்றறிந்த ஒருவர், தாம் கற்றதையே காணச் செல்லுமிடத்து, இன்னொருவரின் சொல்லைப் பொருள் கொடுத்துப் பெறுவானேன்? பெறுவது அறிவா, அன்றி நம்பிக்கையா? பழைய நகரொன்றில் வழிகாட்டியை அமர்த்துதல் உல்லாசப் பயணிகளின் சில்லறை அலுவல் என்று ஒதுக்கத்தக்கதாகத் தோன்றினும், பிறர் சொல்லை எதுவரை ஏற்கலாம் என்னும் பழைய வினா அதனுள் அடங்கியிருத்தல் நோக்கற்பாலது.

பிளேட்டோவின் ‘மேனோ’ என்னும் உரையாடலில் லாரிசா நகருக்குச் செல்லும் வழி ஓர் உதாரணமாக வருகின்றது. அவ்வழியை நடந்தறிந்தவன் மட்டுமன்றி, நடவாமலே சரியாக ஊகித்தவனும் பிறரை அங்கு கொண்டுசேர்ப்பான். பயனளவில் இருவரும் ஒப்பர் என்பது அங்கே எழுப்பப்படும் சிக்கல். இவ்வுதாரணம் பாதைக்குப் பொருந்துமளவுக்குப் பழம்பொருளுக்குப் பொருந்துவதில்லை. லாரிசாவைத் தேடிச் சென்றவன் வேறோர் ஊரை அடைந்தால், வழிகாட்டியின் பிழை அன்று மாலையே வெளிப்பட்டுவிடும். இடிந்த தூணொன்றைச் சுட்டி, ‘இங்குதான் இன்னார் வீழ்ந்தார்’ என்று கூறும் வழிகாட்டியின் பிழை எந்த மாலையிலும் வெளிப்படாது. கேட்டவர் மகிழ்ந்து, கூலி கொடுத்து, ஊர் திரும்பிவிடுவார். அவர் சென்றடையவேண்டிய இடம் இறந்தகாலம்; அங்கு சென்றடைந்தாரா இல்லையா என்பதைக் காலால் அறிய இயலாது.

ஆகவே இங்கு சோதிக்கப்பட வேண்டியது சொல்லன்று, சொல்வோன் தகுதியே. நியாய தரிசனத்தார் ஆப்தவாக்கியம் என்னும் உரையளவையை விளக்குமிடத்து இதனைத் தெளிவாகக் கண்டனர். பொருளை நேரே அறிந்திருத்தல், அறிந்தவாறே உரைக்க விரும்புதல் என்னும் இரண்டும் உடையவனே ஆப்தன் என்பது வாத்ஸ்யாயனர் தம் பாடியத்தில் கொண்ட கருத்து. இவ்விலக்கணம் முனிவருக்கும் மிலேச்சருக்கும் ஒப்பப் பொருந்தும் என்றும் அவர் கூறினார். பிறப்பையோ பதவியையோ நோக்காத இவ்வரைவிலக்கணம், கூலிக்கு வழிகாட்டுவோனையும் தன்னுள் அடக்கிக்கொள்ளும்.

இரண்டு தகுதிகளுள் முதலாவதை அளத்தல் எளிது. இத்தாலியில் 2023ஆம் ஆண்டின் சட்டம், வழிகாட்டித் தொழிலுக்குத் தேசிய மட்டத்திலான தேர்வையும் பெயர்ப்பதிவையும் விதித்தது. எந்தப் பேரரசன் எந்த வளைவை எழுப்பினான் என்பதைத் தேர்வில் கேட்டறியலாம். அறிந்தவாறே உரைக்கும் விருப்பத்தை எந்த வினாத்தாள் அளக்கும்?

அவ்விருப்பத்தைக் குலைப்பவற்றுள் முதலாவது, கேட்போரை மகிழ்விக்கும் ஆசை. இது புதிய நோயன்று. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் கிரேக்க நாடெங்கும் சுற்றி நூலெழுதிய பௌசானியஸ், ஆர்கோஸ் நகரத்து வழிகாட்டிகள் தாம் சொல்வன யாவும் உண்மையல்ல என்பதை அறிந்தும் அவற்றையே சொல்லி வந்தனர் என்று குறித்துள்ளார். மக்களின் நம்பிக்கையை மாற்றுதல் எளிதன்று என்பது அவர் கண்ட காரணம். டெல்பியின் வழிகாட்டிகளோ, சுருக்குமாறு வேண்டியும் கேளாமல் மனனஞ் செய்த உரையை ஒப்புவித்தே தீர்ந்தனர் என்பது புளூட்டாக் தரும் செய்தி. இத்தாலிய மொழியில் வழிகாட்டிக்கு வழங்கும் ‘சிசெரோனே’ என்னும் பெயரும் நாவன்மை மிக்க சிசரோவின் பெயரினின்றே பிறந்தது. கண்ணுக்கு உதவ வந்தவன் நாவினாற் பெயர் பெற்றான் என்பது எண்ணத்தக்கது.

இன்றைய உரோமிலும் இதற்கு உதாரணங்கள் உள. கொஸ்மெதின் சாந்தா மரியா தேவாலய முன்றிலில் ‘வாய்மையின் வாய்’ எனப்படும் சலவைக்கல் முகம் ஒன்று உண்டு. பொய்யன் தன் கையை அதன் வாயிலிட்டால் கை துண்டிக்கப்படும் என்பது கதை. அது பழங்காலக் கழிவுநீர்க்கால்வாயின் மூடியாக இருந்திருக்கலாம் எனப் பலர் கருதுவர். 1953இல் வெளிவந்த ‘ரோமன் ஹொலிடே’ திரைப்படத்தின் பின்னர் அம்முகத்தின் புகழ் உலகெங்கும் பரவிற்று. கதையை விரும்பி வந்தவரிடம் கால்வாய் மூடியைப் பற்றிப் பேசும் துணிவு எத்துணை வழிகாட்டிகளுக்கு வாய்க்கும்? கதையைக் கதையென்று சொல்லிக் காட்டுவதில் குற்றமில்லை. கதையும் நகரின் ஒரு பகுதியே. வரலாறு என்று சொல்லி அதை விற்பதிலேயே குற்றம் தொடங்குகின்றது.

இரண்டாவது இடர் இன்னும் கடியது. கிபனின் வழிகாட்டியிடமே அதனைக் காணலாம். பயர்ஸ் பழம்பொருள் அறிஞர். அனுபவமும் சுவையுணர்வும் உடையவர் என்று கிபனே பாராட்டியுள்ளார். ஆனால் அவர் கலைப்பொருள் வணிகரும் ஆவார். பிற்காலத்தில் போர்ட்லண்ட் கலசம் எனப் பெயர் பெற்ற பண்டைய கண்ணாடிக் கலசத்தைப் பார்பெரினி குடும்பத்தாரிடமிருந்து வாங்கி, சேர் வில்லியம் ஹமில்ற்றனுக்கு விற்றவர் இவரே. நிக்கொலா பூசென் தீட்டிய ‘ஏழு திருவருட்சாதனங்கள்’ என்னும் ஓவியத் தொகுதியை உரோமிலிருந்து வெளியே கொண்டுசெல்ல வெளிப்படையாக அனுமதி கிடைக்காத நிலையில், ஒவ்வோர் ஓவியமாகப் பிரதி எழுதுவித்து, மூலத்தின் இடத்தில் பிரதியைத் தொங்கவிட்டு, 1785ஆம் ஆண்டளவில் மூலங்களை ரட்லண்ட் கோமகனுக்கு அனுப்பி வைத்தார். சுவரில் எஞ்சியவை பிரதிகள் என்பதை அறியாது அவற்றின்முன் நின்றவர் தம் கண்ணையே நம்பினர். கண்ணும் அவர்க்கு உதவவில்லை.

இதனைக் கொண்டு பயர்ஸ் கிபனுக்குப் பொய்யுரைத்தார் என்று கூறுதல் முறையன்று. அவர் அறிவு மெய்யறிவு. ஆயினும் ஒரு சிலையின் அழகை விளக்கும் நாவும் அதன் விலையைக் கணிக்கும் நாவும் ஒன்றாயிருக்கும்போது, கேட்போன் எதனைக் கேட்கிறான் என்பது ஐயத்துக்குரியதாகின்றது. வாங்கும் வசதியற்றவனிடத்து அதே சிலை அதே அழகோடு விளக்கப்பட்டிருக்குமா? பயணியைத் தரகு தரும் கடைக்கு அழைத்துச் செல்லும் வழிகாட்டியை இழித்துரைப்போர், பயர்சை அறிஞர் வரிசையில் வைத்து மதிப்பது விந்தையே. இருவரிடத்தும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் பொருளின் பெறுமதியில் உள்ள வேறுபாடு.

இவ்விரண்டினும் நுண்ணிய இடர் ஒன்றுண்டு. அது மௌனம். கொலோசியத்துக்கும் வெனிசியாச் சதுக்கத்துக்கும் இடையே அகன்ற நெடுஞ்சாலை ஒன்று ஓடுகின்றது. அதன் இருமருங்கும் பேரரசர்தம் மன்றங்களின் இடிபாடுகள் காட்சி தருவன. இச்சாலையை 1932ஆம் ஆண்டு ஒக்டோபரில் திறந்துவைத்தவர் முசோலினி. பண்டைய உரோமின் பெருமையைத் தமது ஆட்சிக்குப் பின்னணியாக்கும் பொருட்டு அங்கிருந்த பழைய குடியிருப்புகள் இடித்தழிக்கப்பட்டன. வேலியாக் குன்று வெட்டி அகற்றப்பட்டது. குடியிருந்தோர் பலர் நகரின் புறத்தே குடியேற்றப்பட்டனர். அச்சாலையில் நின்று திராஜன், ஒகஸ்தஸ் ஆகியோரை மட்டும் பேசிச் செல்லும் வழிகாட்டி ஒரு சொல்லும் பொய்யாக உரைத்திலர். எனினும் கேட்போர் காணும் உரோம், சர்வாதிகாரி ஒருவர் காணுமாறு அமைத்த உரோமே.

அங்கிருந்து சிறிது தூரம் நடந்தால் பழைய யூதச்சேரி. 1555இல் பாப்பரசர் நான்காம் பவுல் யூதரை மதிலுக்குள் அடைத்த இடம் அது. 1943 ஒக்டோபர் 16ஆம் நாள் ஜேர்மானியப் படையினர் அங்கும் நகரின் பிற பகுதிகளிலும் யூதர்களைச் சுற்றிவளைத்தனர். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அவுஸ்விற்சுக்கு அனுப்பப்பட்டனர். திரும்பியோர் 16 பேர் மட்டுமே. இன்று அத்தெருக்களில் உணவகங்கள் நிறைந்துள்ளன. எண்ணெயில் பொரித்த கூனைப்பூ அங்கு பெயர் பெற்ற உணவு. மூன்று மணி நேரத்துக்கு அமர்த்தப்பட்ட வழிகாட்டி எதனைச் சொல்வது, எதனை விடுவது?

யாவற்றையும் சொல்லுதல் எவராலும் ஆகாது. தேர்ந்தெடுத்தல் தவிர்க்கவியலாதது, தேர்ந்தெடுப்பதற்காகவே அவர் அமர்த்தப்படுகின்றார். ஆதலால் விடுபட்டது ஒவ்வொன்றும் குற்றமாகாது. விடுபட்டதன் காரணமே வினாவுக்குரியது. நேரம் போதாமையால் விடுதல் ஒன்று. கேட்போர் முகம் வாடுமே என்று விடுதல் மற்றொன்று. இரண்டாவதில் குற்றம் வழிகாட்டியோடு நின்றுவிடுவதுமில்லை. விடுமுறையில் வந்தவன் அழகியவற்றை மட்டுமே காட்டுமாறு, வாய்திறந்தோ திறவாமலோ, வேண்டிக்கொள்கின்றான். பொருள் கொடுத்தவன் அவனே. தான் விலைக்கு வாங்கிய மௌனத்தைப் பின்னர் வழிகாட்டியின் அறியாமை என்று குறைகூற அவனுக்கு உரிமை இல்லை.

வழிகாட்டியின்றித் தானே சுற்றுவதே நேர்மையானது என்று வாதிப்போரும் உளர். அவர் கையிலுள்ள நூலும் ஒரு வழிகாட்டியே என்பதை அவர் மறந்துவிடுகின்றனர். நூலை இடைமறித்து வினவ முடியாது, மனிதரை வினவலாம். ‘இதனை எவ்வாறு அறிந்தீர்?’ என்ற ஒரு கேள்வியே சொல்வோனின் முகத்தில் பலவற்றை வெளிப்படுத்திவிடும். தனிப்பட அமர்த்தப்பட்ட வழிகாட்டியிடம் பெறக்கூடிய மேலான பயன் அவ்வினாவுக்கான இடமே எனலாம். பெருங்கூட்டத்தின் பின்வரிசையில் நடப்பவனுக்கு அது வாய்ப்பதரிது.

கிபன் அப்பயனைப் பெற்றவர் போலும். பதினெட்டு வாரங்களின் இறுதியில், சிறந்தவற்றைத் தாமே தெரிந்தெடுத்து மீண்டும் ஒருமுறை கண்டு ஆராயும் தகுதி தமக்கு வந்துவிட்டதாக அவர் கூறுகின்றார். ஆயினும் அவருடைய பெருநூலுக்கு வித்தாக அமைந்ததாக அவரே குறிக்கும் நாள், வந்த சில நாட்களுக்குள் நிகழ்ந்தது. 1764 ஒக்டோபர் 15ஆம் நாள் மாலை கப்பித்தோல் குன்றின் இடிபாடுகளிடையே அவர் சிந்தித்திருக்கையில், வெறுங்காலுடைய துறவியர் யூப்பிட்டர் கோயிலில் மாலைச் செபம் பாடக் கேட்டாராம். உரோமின் வீழ்ச்சியை எழுதும் எண்ணம் அக்கணத்தே உதித்தது. முதற்பாகம் 1776இல் வெளிவந்தது. துறவியர் பாடிய அராச்செலித் தேவாலயம் யூப்பிட்டர் கோயிலின் தளத்தில் எழுந்தது என்பது அக்காலத்தார் கொண்டிருந்த கருத்து. அக்கோயில் நின்றது குன்றின் மற்றைய முகட்டில் என்பது பின்னரே தெளிவாயிற்று.