சொன்னவர் யார்?

கேட்ட மாத்திரத்தில் பதில் சொல்லும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இன்று நமது இல்லங்களுக்குள் வந்துவிட்டன. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளியானதிலிருந்து, பள்ளிக் கட்டுரையானாலும் மார்க்கச் சந்தேகமானாலும் முதலில் அதனிடம் கேட்கும் பிள்ளைகள் பெருகி வருகின்றனர். அறவே தடுத்துவிட வேண்டும் என்போர் ஒருபுறம். கண்ணை மூடிக்கொண்டு நம்புவோர் மறுபுறம். பெற்றோராகிய நாம் எவ்வழியில் செல்வது?

ஹதீஸ் கலை இமாம்களின் நடைமுறையில் இதற்கு நல்லதொரு விடை இருக்கிறது. நபி (ஸல்) அவர்களின் பெயரால் பொய்ச் செய்திகள் பரவிய காலத்தில், அந்த இமாம்கள் ஹதீஸ் அறிவிப்பதையே நிறுத்திவிடவில்லை. 'இதை உமக்குச் சொன்னவர் யார்?' என்று கேட்கத் தொடங்கினார்கள். ஒவ்வோர் அறிவிப்பாளரிடமும் நேர்மை இருக்கிறதா, கேட்டதைக் கேட்டவாறே காக்கும் நினைவாற்றல் இருக்கிறதா என்று பார்த்தார்கள். வணக்கசாலியேயானாலும் நினைவு பிசகுபவரின் அறிவிப்பை ஏற்கத் தயங்கினார்கள். ஹிஜ்ரி 261ல் மறைந்த இமாம் முஸ்லிம் (ரஹ்) அவர்கள் தமது ஸஹீஹின் முன்னுரையிலேயே இதனை விரிவாக எடுத்துரைத்துள்ளார்கள்.

அந்த உரைகல்லில் இக்கருவியை உரைத்துப் பார்ப்போம். அதற்கு நிய்யத் கிடையாது. எனவே அது உண்மையாளனுமன்று, பொய்யனுமன்று. எந்தச் சொல்லையடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்பதை ஏராளமான எழுத்துக்களிலிருந்து பயின்று, அதற்கேற்ப வாக்கியம் அமைக்கிறது. ஆகவே சரியானதையும் தவறானதையும் ஒரே உறுதியுடன் சொல்லிவிடுகிறது. ஆதாரம் கேட்டால், இல்லாத நூலின் பெயரையும் சிலவேளை தந்துவிடுகிறது.

2023ல் நியூயார்க் நகரில், விமான நிறுவனம் ஒன்றின் மீதான வழக்கில், இது தந்த முன்தீர்ப்புகளை வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தில் சமர்ப்பித்தார்கள். அவற்றுட் பல எந்த நீதிமன்றமும் வழங்காத தீர்ப்புகள்! அவர்களில் ஒருவர், 'இது உண்மையான வழக்குதானா?' என்று அக்கருவியையே கேட்டிருந்தார், அதுவும் ஆமென்றது. இறுதியில் 5,000 டாலர் அபராதம் வழக்கறிஞர் தரப்பின் மீதே விழுந்தது. கருவியைக் கூண்டில் ஏற்ற முடியுமா? வாங்கிச் சொன்னவரே பொறுப்பாளி.

பாவியொருவன் செய்தி கொண்டுவந்தால் தீர விசாரித்துக் கொள்ளுமாறு அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆம் வசனம் கட்டளையிடுகிறது. அந்த விசாரிக்கும் கடமை, செய்தியைக் கேட்பவர் மீது சுமத்தப்பட்டிருப்பதை நாம் கவனிக்க வேண்டும். சரிபாராமல் எழுதித் தன் பெயரை இடும் மாணவன், தான் அறியாத ஒன்றுக்குச் சாட்சி சொன்னவனாகிறான்.

ஆகவே பிள்ளைகளுக்குச் சில பழக்கங்களைக் கற்றுக்கொடுப்போம். முதலில் தன் விடையைத் தானே எழுதட்டும். பிறகு கருவியிடம் கேட்டு ஒப்பிடட்டும். நன்கு படித்து முடித்த பாடத்திலிருந்தே கேள்வி கேட்டு, அது எங்கே பிசகுகிறது என்று தேடட்டும். சரியான பதிலை, 'இது தவறல்லவா?' என்று மறுத்துப் பார்க்கட்டும். அது சில நேரம் மன்னிப்புக் கேட்டுப் பதிலையே மாற்றிக்கொள்வதைக் காண்பார்கள். அது குறிப்பிடும் நூலை நேரில் திறந்து பார்க்கட்டும். ஹதீஸ் என்று தருவதை, விஷயமறிந்த உஸ்தாது மூல நூலில் காட்டித்தரும்வரை எவருக்கும் அனுப்பலாகாது. அதன் உதவியைப் பெற்றிருந்தால் ஆசிரியரிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

கடினமான பாடத்தை எளிதாக விளக்கவும், பயிற்சிக் கேள்விகள் தரவும் இக்கருவி உதவத்தான் செய்கிறது. அந்தப் பயனை நாம் மறுக்கவில்லை. ஆனால், 'சொன்னவர் யார்?' என்று கேட்கத் தெரிந்த பிள்ளைக்கே அது பயன்; கேட்கத் தெரியாத பிள்ளைக்கு அதுவே ஆபத்து. இக்கேள்வியை நம் வீடுகளில் இன்றே பழக்குவோமாக! பயனுள்ள கல்வியை வல்ல அல்லாஹ் நம் மக்களுக்கு அருள்வானாக! ஆமீன்.