காத்தவனும் உடையவனும்

ஒரு பொருளை நெடுங்காலம் பத்திரமாக வைத்திருந்தவனுக்கு அது சொந்தமாகிவிடுமா? சட்டத்தரணிகளிடம் இதற்கொரு பதில் இருக்கும். நான் தேடுவது அந்தப் பதிலை அல்ல.

1983 ஜூலைக் கலவரத்தின்போது வெள்ளவத்தையில் எங்கள் அயல்வீட்டுத் தமிழ்க் குடும்பம் அகதி முகாமுக்குப் போகுமுன் உம்மாவிடம் ஒரு துணிப்பொட்டலத்தைத் தந்தது. உள்ளே பழைய கந்தபுராணம் ஒன்று. சிவப்புத் தோல் மட்டை. முன்பக்கத்தில் அக்குடும்பத்தின் மூன்று தலைமுறைப் பிறப்பும் இறப்பும் மையால் எழுதப்பட்டிருந்தன. அவர்கள் கப்பலேறி யாழ்ப்பாணம் போனார்கள். பின்னர் வெளிநாடு போனதாகக் கேள்வி. உம்மா அதை அலுமாரியில் வைத்திருந்தார். கேட்டால் “அமானிதம்” என்பார், அவ்வளவுதான். அவர் மௌத்தான பின் பொட்டலம் என் கைக்கு வந்தது. அண்மையில் ஒரு நூலகத்துக்கு அதை அன்பளிப்புச் செய்ய எண்ணினேன். அன்பளித்தவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதப் போனபோதுதான் கை தயங்கியது. எங்கோ படித்திருந்த ஆர்மேனியரின் சுவிசேஷப் பிரதி ஒன்று நினைவுக்கு வந்தது.

ஆர்மேனியர் நமக்கு முற்றிலும் அந்நியரல்லர். வணிகர்களாகச் சென்னைக்கு வந்து வாழ்ந்த அவர்களுடைய தெருவைத்தான் தமிழ் நாக்கு ‘அரண்மனைக்காரன் தெரு’ ஆக்கிற்று. உலகின் முதல் ஆர்மேனிய இதழான ‘அஸ்தரார்’ 1794 இல் அச்சானது அதே சென்னையில்தான். நூலைப் போற்றிய இனம் அது. சுவிசேஷப் பிரதிகளுக்கு மரப்பலகையில் தோல் போர்த்தி மட்டை கட்டுவார்கள். பக்க விளிம்பை மூட ஒரு தோல் மடிப்பும் உண்டு. நமது பழைய கிதாபுகளின் முக்கோண மடிப்புக்கு அது உறவு. வசதி படைத்தோர் மட்டைமேல் வெள்ளித் தகடு போர்த்துவர். நேர்த்தி வைத்தவர்கள் சிறு சிலுவைகளைப் பதிப்பர். கடைசி ஏட்டில் எழுதியவரும் மட்டை கட்டியவரும் பணம் கொடுத்தவரும் தங்களுக்காகப் பிரார்த்திக்கும்படி வேண்டுவார்கள், நம்மவர் துஆக் கேட்டு முடிப்பதைப் போல. போரில் பறிபோன நூலைச் ‘சிறைப்பட்டது’ என்றும், காசு கொடுத்துத் திரும்பப் பெற்றதை ‘மீட்பு’ என்றும் அவ்வேடுகளில் எழுதிவைத்தார்கள். மனிதரை மீட்பதுபோல் நூலையும் மீட்டார்கள்.

நான் சொல்லும் பிரதி 1256 இல் தொரோஸ் ரொஸ்லின் என்ற கலைஞர் தம் திருச்சபைத் தலைவருக்காக ஆக்கியது. பின்னாளில் ஸெய்தூன் என்ற மலையூரில் காவற்பொருளாகப் போற்றப்பட்டது. 1915 இல் உதுமானிய அரசு ஆர்மேனியரை ஊர் ஊராக வெளியேற்றிக் கொன்றொழித்தபோது அந்நூலும் இடம்பெயர்ந்தது. வழியில் தங்க வேலைப்பாடுள்ள எட்டுப் பக்கங்கள் பிரிந்துபோயின. நூல் இன்று ஆர்மேனியத் தலைநகர் யெரெவானில் இருக்கிறது. எட்டுப் பக்கங்களை லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் கெற்றி நூதனசாலை 1994 இல் விலைக்கு வாங்கியது. 2010 இல் ஆர்மேனியத் திருச்சபை வழக்குத் தொடுத்தது.

உதுமானியர் பெயரைக் கேட்டால் நமக்கு வேறு நினைவுகள் வரும். துருக்கித் தொப்பியோடு நீதிமன்றில் தோன்றும் உரிமைக்காக 1905 இல் மருதானையில் திரண்ட சமூகம் நாம். அந்தப் பற்று 1915 ஐப் பார்க்கவிடாமல் நம் கண்ணை மறைக்கக் கூடாது. அநீதியை, செய்தவன் பெயர் பார்த்து நிறுப்பது நமக்குக் கற்பிக்கப்பட்ட நீதியல்ல.

வைத்திருப்பவர் சொல்லும் நியாயங்களும் லேசானவையல்ல. விலை கொடுத்தோம், செல்லரிக்காமல் காத்தோம், அங்கேயே இருந்திருந்தால் எரிந்திருக்கும் என்பார்கள். 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததை அறிந்த நாம் இதைப் பொய்யென்று தள்ள முடியாது. ஆனால் காத்தது நன்றிக்குரியது, உரிமை வேறு. கண்டெடுத்த பொருளை ஓராண்டு அறிவித்த பின்னரே பயன்படுத்தலாம், அதன் பிறகும் உடையவர் வந்தால் அவர் உரிமை நிற்கும் என்பது பிக்ஹு நூல்கள் சொல்லும் விதி. நம்பித் தந்த அமானிதத்துக்கு அந்த ஓராண்டுத் தவணைகூட இல்லை.

1990 ஒக்டோபர் 30 இல் யாழ்ப்பாண முஸ்லிம்கள் இரண்டு மணித்தியால அவகாசத்தில் புலிகளால் விரட்டப்பட்டார்கள். அவர்கள் விட்டுவந்த கிதாபு ஒன்று இன்று யாரோ ஒருவர் வீட்டில் பத்திரமாக இருந்தால், அவரிடம் நாம் முதலில் எதை எதிர்பார்ப்போம்? “இது உங்களுடையது” என்ற ஒரு சொல்லைத்தான்.

கெற்றி வழக்கு 2015 இல் சமாதானமாய் முடிந்தது. பக்கங்கள் திருச்சபைக்கே உரியவை என்று நூதனசாலை ஒப்புக்கொண்டது. அதன்பின் திருச்சபை அவற்றை அதே நூதனசாலைக்கு அன்பளித்தது. பக்கங்கள் இடம் மாறவில்லையே, என்ன பயன் என்று சிலர் கேட்கலாம். உடையவன்தான் அன்பளிக்க முடியும். அந்த வரிசை சரிசெய்யப்பட்டதே பயன்.

நானோ வரிசையை மாற்றப் பார்த்தேன். நூலகப் படிவத்தைக் கிழித்துவிட்டேன். இப்போது பொட்டலத்தின்மேல் அக்குடும்பத்தின் பெயரும், தந்த ஆண்டும், “அமானிதம்” என்ற உம்மாவின் சொல்லும் எழுதி ஒட்டியிருக்கிறேன். அவர்களைத் தேடுவதும் தொடங்கியாயிற்று. நாற்பது ஆண்டு தாமதமாக.